எந்தப் பெட்டியைத் திறப்பது?

பெட்ரோல் காரின் சைலன்சருக்குள் கருவியின் குழலை முப்பது சென்டிமீட்டராவது உள்ளே விட வேண்டும் என்பது விதி. சைலன்சர் வாயருகே வெளிக்காற்று கலந்துகொண்டே இருக்கும். அங்கே குழலை வைத்தால் கார்பன் மோனாக்சைடு குறைத்துக் காட்டும், தேறாத வண்டியும் தேறிவிடும். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் புகைப் பரிசோதனை நிலையம் நடத்துகிற எனக்கு இந்த விதி மனப்பாடம். அதை மீறுவது எவ்வளவு சுலபம் என்பதும் தெரியும். குழலைப் பாதி வெளியே தொங்கவிட்டால் கேட்க ஆளில்லை. கம்ப்யூட்டர் திரையில் எண் மட்டும்தான் வரும். குழல் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பது வராது.

பேப்பரிலும் டி.வி.யிலும் வருவதெல்லாம் வரம்புகளைப் பற்றித்தான். பி.எஸ். 4 போய் பி.எஸ். 6 வந்தது, இத்தனை கிராம் இத்தனை கிராமாகக் குறைந்தது என்று போடுவார்கள். அந்த வரம்பை எப்படி அளக்கிறார்கள், எந்த வண்டியை அளக்கிறார்கள், அளக்கப்போகும் நாள் வண்டிக்காரருக்கு முன்கூட்டித் தெரியுமா என்றெல்லாம் கேட்பவர் குறைவு. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதிதான் எங்களுக்குச் சோறு போடுவது. புது வண்டிக்கு முதல் வருஷம் சான்றிதழ் வேண்டாம். அதன் பிறகு பழைய வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகள் வருஷத்துக்கு ஒருமுறையும் எங்களிடம் வர வேண்டும். பெட்ரோலுக்கு காஸ் அனலைசர். வண்டியிலிருந்து இழுத்த புகைக்குள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு கதிரை விழுங்கியது என்பதை வைத்துக் கணக்குப் போடும். பி.எஸ். 4 கார் என்றால் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. பிறகு 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தி இன்னொருமுறை; அங்கே 0.2 சதவீதம். பழைய கார்பரேட்டர் கார்களுக்கு 3 சதவீதம் வரை விட்டிருக்கிறார்கள். யாரோ ஆசையாக வைத்திருக்கும் பழைய பெட்ரோல் அம்பாசிடர், இன்றைய காரைப்போலப் பத்து மடங்கு கக்கினாலும் சட்டத்தின் கண்ணுக்குச் சுத்தமான வண்டிதான்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒழுங்காக எரியும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி வரும். கூட்டினால் ஒன்பதோ பத்தோதான் வருகிறது, ஆக்சிஜன் ஏறிக் கிடக்கிறது என்றால் எங்கோ வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். அந்தக் குறைவை ஈடுகட்டி கார்பன் மோனாக்சைடைத் திருத்திக் கணக்கிட பரிசோதனை நடைமுறையில் சூத்திரமே உண்டு. இதை எழுதிவைத்தவர் நிச்சயம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொஞ்ச காலம் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

டீசலுக்குப் புகைமானி. ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கும் கண், நடுவில் புகை. வெளிச்சத்தைப் புகை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் அளவு. பி.எஸ். 4க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹெச்.எஸ்.யூ. (புகை மறைப்பின் அலகு), பி.எஸ். 4க்கு 50; பி.எஸ். 6க்கு இன்னும் கெடுபிடி. இன்ஜின் ஆயில் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடேறியிருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிக்க வேண்டும். முதல் சில மிதிகள் சைலன்சரில் படிந்த கரியை ஊதித் தள்ளுவதற்கு. அதற்குப் பிறகு வரும் அளவுகளின் சராசரிதான் கணக்கு.

காகிதத்தில் இவ்வளவுதான். நேரில் மிதிப்பவர் வண்டிக்காரர். தன் வண்டியை நியூட்ரலில் அலறவிட எந்த டிரைவருக்கு மனசு வரும்? காலை வைப்பார், பாதியில் எடுத்துவிடுவார். “முழுசா மிதிங்கண்ணா” என்றால், “இன்ஜின் போயிடும், நீ வந்து வாங்கித் தருவியா?” என்பார். டைமிங் பெல்ட் பழசான வண்டியில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. பாதி மிதியில் வருகிற புகை பாதிகூட இருக்காது. இன்ஜினின் வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிற கருவியாக இருந்தால் பித்தலாட்டம் தெரிந்துவிடும். சென்சார் கம்பியை மாட்டாமல் விட்டால் தெரியாது.

கார்பரேட்டர் காலத்தில் வேறொரு வித்தை இருந்தது. வரும் வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தி மிக்ஸர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடும், கார்பன் மோனாக்சைடு இறங்கும், வண்டி தேறும். ஆனால் பிக்கப் இருக்காது, வண்டி விக்கும். போகும் வழியில் அதே மெக்கானிக்கிடம் நிறுத்தி ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்திக்கொண்டு போவார்கள். என்னிடம் இருந்த ஐந்து நிமிஷம் அந்தக் கார் சுத்தம், மிச்ச ஆறு மாதம் எப்போதும்போல. சான்றிதழில் இருக்கும் எண் பொய்யில்லை. அந்த எண்ணுக்கும் ஆம்பூர் கடைத்தெருக் காற்றுக்கும்தான் சம்பந்தமில்லை.

இதற்கெல்லாம் மேலே, வண்டியே வராத சான்றிதழ். “வண்டி வீட்ல கீதுண்ணா, போட்டோ அனுப்பறேன், போட்டு வைங்க” என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்ட வசனம். கேட்பவர் கெட்டவரில்லை. ஷிப்டு முடிந்து வந்த அலுப்பு, நாளைக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 2017 ஆகஸ்டில், புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் சட்டம் திருத்தி அபராதத்தை 10,000 ரூபாய் வரை ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. வரிசை நீண்டது. சான்றிதழ் வாங்கும் அவசரம் கூடிய அளவுக்கு வண்டியைச் சரிசெய்யும் அக்கறை கூடியதாக எனக்குத் தெரியவில்லை. 2024 ஜூலையில் அந்த இன்சூரன்ஸ் நிபந்தனையை உச்ச நீதிமன்றமே நீக்கியது. அதே வருஷம் மே மாதம் தமிழ்நாட்டில் செல்போன் செயலி வந்தது. வண்டியை நிலையத்தில் வைத்துத்தான் படமும் வீடியோவும் எடுக்க முடியும், இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப் சான்றிதழுக்கு அது ஒரு கதவைச் சாத்தியது. குழலின் ஆழத்தை அந்த வீடியோவும் அளக்காது.

ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி இங்கே ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறார். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ. அவர் கேட்டார்: “ஏங்க, உங்க டெஸ்ட்டுக்கு வண்டிய யாரு கொண்டாராங்க?”

“வண்டிக்காரர்தான்.”

“எந்த நாள்னு?”

“அவருக்கு எப்ப வசதியோ அப்ப.”

“எந்த சென்டர்னு?”

“அதுவும் அவர் இஷ்டம்தான்.”

“காசு?”

“அவர்தான் தர்றார்.”

“அப்ப உங்கள எதுக்குத் திட்டிக்கிறீங்க. எங்க கம்பெனில இப்படி இருந்தா ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் ஆகாது.”

அவர் சொன்னது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த நடைமுறை. சரக்கு முழுக்க அட்டைப்பெட்டியில் அடுக்கித் தயாரான பிறகுதான் பையரின் இன்ஸ்பெக்டர் வருவார். பேக்கிங் லிஸ்ட்டைக் கையில் வாங்கி, எந்தெந்த எண் பெட்டி வேண்டும் என்று அவரே குறிப்பார். முன்வரிசையில் கைக்கு எட்டுகிற பெட்டியைத் தொடமாட்டார். அடுக்கின் பின்னால், அடியில் இருப்பதைத்தான் கேட்பார். லோடிங் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே மேல்பெட்டிகளை இறக்குவார்கள். திறந்த பெட்டிகளில் குறை குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மொத்தச் சரக்கும் நிற்கும். எந்தப் பெட்டி திறக்கப்படும் என்று கம்பெனிக்குத் தெரியாது என்கிற ஒரே காரணத்தால்தான் எல்லாப் பெட்டியும் ஒழுங்காக இருக்கிறது.

தோலுக்கே இன்னொரு பரிசோதனை உண்டு. குரோம் பதனிடலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். சூட்டிலும் வெளிச்சத்திலும், தோலில் ஏற்றிய சில எண்ணெய்களாலும் அதில் கொஞ்சம் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும், அதுதான் ஆபத்தானது. தோலில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் சட்டமாக்கியது. ஆம்பூர் லேபில் இன்றைக்குத் தேறிய தோல், கப்பலில் வாரக்கணக்கில் கன்டெய்னர் சூட்டில் கிடந்து ஹாம்பர்க்கில் இறங்கும்போது தேறாமல் போகலாம். அதனால் விவரமான பையர்கள், துண்டை 80 டிகிரியில் 24 மணிநேரம் வைத்து முதுமையேற்றிய பிறகு சோதிக்கச் சொல்கிறார்கள். தோல் நல்லபடியாக இருக்கிற நிலையில் பார்த்துப் பயனில்லை, அது படப்போகிற பாட்டைப் படுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்று காசு கொடுப்பவருக்குப் புரிந்திருக்கிறது.

கார்களில் இந்தப் புத்தி வர நாளானது. வேலூர்ப் பக்கம் யாருக்கும் டவேராவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சி.எம்.சி.க்குப் போகிற வெளிமாநில நோயாளிகள், திருப்பதிக்கும் ஏலகிரிக்கும் போகிற குடும்பங்கள் என்று அந்த வண்டி ஓடாத ஓட்டமில்லை. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. உற்பத்தி விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க அரசு பரிசோதனைக்கு எடுக்கும் வண்டிகளில், குறைவாகப் புகைவிடும் இன்ஜின்களை முன்னமே தேர்ந்து எடுத்துவைத்து மாட்டியிருக்கிறார்கள். வண்டியின் எடையிலும் விளையாட்டு நடந்திருக்கிறது. நிறுவனமே இதை அரசுக்குத் தெரிவித்து, ஊழியர்கள் பலரை வேலையைவிட்டு அனுப்பியது. நிதின் கோகர்ன் தலைமையில் விசாரித்த குழு இதை ஒரு கார்ப்பரேட் மோசடி என்றது.

அந்தச் செய்தி வந்த வாரம் டாக்சி ஸ்டாண்டு டிரைவர் ஒருவர் டவேராவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கேட்டார்: “இன்னாண்ணா, நம்ம வண்டியில கீறது நல்ல இன்ஜினா, டெஸ்ட் இன்ஜினா?” புகைமானி வைத்துப் பார்த்தேன். வரம்புக்குள்தான் இருந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. அவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். டவேரா வழக்கில் ஏமாற்றப்பட்டது ஆய்வகத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளக்கும் பெரிய பரிசோதனை. என்னிடம் இருப்பது வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கும் சின்னப் பெட்டி. ஒன்றில் பிடிபடுவது மற்றதில் பிடிபட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதைப் பொதுமக்களுக்குப் புரியவைப்பது சிரமம். எங்கள் பரிசோதனை பார்க்காத விஷயங்களின் பட்டியல் நீளம். முக்கியமானது நைட்ரஜன் ஆக்சைடு. டீசல் இன்ஜினில் இ.ஜி.ஆர். என்று ஒரு ஏற்பாடு உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விட்டு, எரியும் சூட்டைத் தணிக்கும். சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் கரி படியும், வால்வு அடைக்கும், டிரைவர்கள் அதைச் சபிப்பார்கள். மெக்கானிக் ஒரு தகட்டை வெட்டி அந்தப் பாதையை அடைத்துவிடுவார். பிக்கப் கூடும், கண்ணுக்குத் தெரியும் கரும்புகை குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். அந்த வண்டி என்னிடம் வந்தால், அடைக்காத வண்டியைவிட நல்ல மார்க் வாங்கும். கெடுத்துவைத்த வண்டிக்கு என் கையால் பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்கிற நிலை இது.

நைட்ரஜன் ஆக்சைடில் உலகத்தையே ஏமாற்றிய கதை ஃபோக்ஸ்வேகனுடையது. அதைப் பிடித்தது போலீஸ் அல்ல, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சின்ன ஆய்வுக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம்மூர்ப் பெயர் ஒன்று இருந்தது. பெங்களூர்க்காரர் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார். அவர்கள் செய்தது பெரிய மந்திரமில்லை. ஆய்வகத்து ரோலர் மேல் ஓடவேண்டிய காரை ரோட்டில் இறக்கினார்கள். அளக்கும் கருவியைக் காரிலேயே கட்டி, ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில்வரைகூட ஓட்டினார்கள். ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா காரில் வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு வந்தது. ரோலர் மேல் நிற்கும் காரின் ஸ்டீயரிங் திரும்பாது, சக்கரம் சுழலும் முறையும் பரிசோதனைக்கென்று வகுத்தபடியே இருக்கும். இதையெல்லாம் வைத்து ‘இப்போது டெஸ்ட் நடக்கிறது’ என்று காரின் சாஃப்ட்வேர் தெரிந்துகொண்டு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. அந்த டிசம்பரில் இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் அதன் மேல் நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது.

மிக்ஸர் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டு வந்த எங்கள் ஊர் ஆளுக்கும் அந்த சாஃப்ட்வேர் எழுதியவருக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம்.

இந்த மோசடிகளுக்குப் பிறகு ஒன்று நடந்தது. ரோட்டில் ஓட்டி அளக்கும் முறையை ஐரோப்பா 2017இல் கட்டாயமாக்கியது, இந்தியாவில் 2023 ஏப்ரலில் வந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதற்குமுன் அரசுக்கு அந்த அதிகாரமே தெளிவாக இல்லை.

என் நிலையத்துக்கு வருபவர்கள் இவை எதையும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது மைலேஜ். பேரணாம்பட்டிலிருந்து வரும் தோல் வியாபாரி பாய் ஒருவர் புதுக் கார் வாங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் இதே வழக்கைக் கொண்டுவருவார். “இருபத்தி நாலுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்கண்ணா. பதினாறுக்கு மேல தரமாட்டேங்குது. இன்ஜின்ல ஏதோ கோளாறு, மெஷின் வச்சுப் பாருங்க.” என் மெஷினுக்கும் மைலேஜுக்கும் நேரடி உறவில்லை என்றால் நம்பமாட்டார். ஆகவே அந்த இருபத்தி நாலு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வேன்.

புனேயில் 1966இல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் காரை ரோலர் மேல் ஏற்றிக் கட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு கோடு ஓடும்; டிரைவர் வேகத்தை அந்தக் கோட்டின் மேலேயே வைத்திருக்க வேண்டும். 1,180 விநாடி, பத்தரை கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90, அதுவும் கடைசியில் கொஞ்ச நேரம். அறை வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். ஏ.சி. கிடையாது. காற்று, ஏற்றம், குழி எதுவும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் எடுக்க ஒரு கட்டத்தில் 26 விநாடி கொடுக்கிறார்கள். ஆம்பூர் பைபாஸில் அப்படி ஒருவர் காரை எடுத்தால், பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே அவர் பரம்பரையை விசாரித்துவிடுவார். பெட்ரோல் எவ்வளவு போனது என்று அங்கே டேங்கைப் பார்ப்பதுமில்லை. வெளிவந்த புகையைப் பைகளில் பிடித்து, அதிலிருக்கும் கார்பனை எண்ணி, இவ்வளவு கார்பன் வெளியே வர இவ்வளவு பெட்ரோல் உள்ளே போயிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அருமையான முறைதான். கார்பன் ஒளிந்துகொள்ளாது.

“அப்ப பொய்யா சொல்றாங்க?” என்பார் பாய். பொய்யில்லை. அந்த அறையில் அந்தக் கோட்டின் மேல் ஓட்டினால் இருபத்தி நாலு தரும். அவர் ஓட்டுவது கத்திரி வெயிலில், ஏ.சி. நாலாம் நம்பரில், வி.கோட்டா மலைப்பாதையில், டிக்கியில் தோல் சாம்பிள் மூட்டையோடு.

ரோலருக்கு எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காரை வெளியே ஓட்டி நியூட்ரலில் விட்டு, வேகம் எப்படி இறங்குகிறது என்று பார்த்து அந்த அளவை எடுப்பார்கள். அதைக் குறைத்துக் காட்டினால் ரோலர் இலகுவாகும், மைலேஜ் கூடும். ஜப்பானில் மிட்சுபிஷி 2016இல் மாட்டியது இந்த இடத்தில்தான். விதி சொன்ன முறையை விட்டு வேறு முறையில் எடுத்த எண்களை 1991 முதல் கொடுத்துவந்ததாக ஒப்புக்கொண்டது.

விளம்பரத்தோடு போனால் பரவாயில்லை. சட்டமும் இந்த அறை எண்ணையே நம்பியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கார் நிறுவனமும் தான் விற்கும் மொத்தக் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடைக் கிலோமீட்டருக்கு 130 கிராம் அளவில் வைத்திருக்க வேண்டும்; 2022-23 முதல் அது 113. நிறுவனத்துக்கு நிறுவனம் கார்களின் எடையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பாயின் பதினாறு அந்தக் கணக்கில் வராது, அந்த இருபத்தி நாலுதான் வரும். ஐரோப்பா 2017இல் இதையொத்த தன் பழைய ஓட்டத்தைக் கைவிட்டு, வேகமும் நீளமும் கூடிய புது ஓட்டத்துக்கு மாறியது. இங்கே 2027 ஏப்ரல் முதல் மாற்ற வரைவு போட்டிருக்கிறார்கள். மாறினால் காகிதத்து மைலேஜ் இறங்கும், ஷோரூமில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யோசிக்கும்போது, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு கலந்த பாலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட டேனரிகள், உபயோகத்துக்கு லாயக்கற்றுப்போன 35,000 ஹெக்டேர் நிலம் என்று அதில் வருகிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்குப் புகைச் சான்றிதழ் இல்லாத மாருதிக்கும் அதே தொகைவரை போடலாம் என்பதைப் படித்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தன் தொழில் சுற்றுச்சூழலைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் செய்பவருடையது என்றார்கள். புகைச் சான்றிதழும் யோசித்தால் அதே கொள்கைதான். வண்டி வைத்திருப்பவர் நிரூபிக்க வேண்டும். ஆனால் நிரூபிக்கும் நாளையும் இடத்தையும் ஆளையும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கழிவுநீருக்கு அப்படியில்லை. 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவைப் பார்த்தால், மாதிரி எடுப்பதற்கே ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆலைக்காரர் கேட்டால் மாதிரியை அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டிலும் சீல், இரண்டு தரப்புக் கையெழுத்து. பின்னாளில் நீதிமன்றத்தில் ‘இது என் தண்ணீரில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. அதுவும் போதாது என்று 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டேனரிகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களில் இருபத்தி நாலு மணிநேரமும் ஓடும் மீட்டர் வைக்கச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கழிவுநீருக்கே இந்தக் கதி என்றால், வருஷத்தில் பத்து நிமிஷம் சோதிக்கிற கார்ப்புகையின் கதியைச் சொல்ல வேண்டாம்.

காரிலும் இருபத்தி நாலு மணிநேர மீட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஓ.பி.டி. என்று பெயர். 2010 முதல் கட்டம் கட்டமாக இந்தியக் கார்களில் கட்டாயமானது. கேட்டலிடிக் கன்வெர்டர் செத்துவிட்டதா, ஆக்சிஜன் சென்சார் தூங்குகிறதா, இ.ஜி.ஆரை யாராவது அடைத்தார்களா என்று கார் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு, கோளாறு என்றால் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கை எரியவிடும். எந்தப் பெட்டியைத் திறப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாப் பெட்டியும் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளக்கைச் செருகினால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மெக்கானிக்குகள் அந்த ஸ்கேனரை எப்போதோ வாங்கிவிட்டார்கள்.

போன வாரம் வந்த பி.எஸ். 6 பெட்ரோல் கார் ஒன்றில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்க்க உறுத்தலாக இருக்கிறது என்று அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார் சொந்தக்காரர். குழலை முப்பது சென்டிமீட்டர் உள்ளே விட்டேன். ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.00. 2,500 ஆர்.பி.எம்.மிலும் வரம்புக்கு வெகு கீழே. செயலியில் படம் எடுத்தேன், வீடியோ எடுத்தேன், ஓ.டி.பி. கேட்டேன், ஒரு வருஷச் சான்றிதழ் அச்சாகி வந்தது.

“அந்த லைட்டுக்கு ஒண்ணும் பண்ண வேணாமாண்ணா?” என்று அவராகவே கேட்டார்.

மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். நான் நிரப்புகிற திரையில் அந்த விளக்குக்கு ஒரு கட்டம் இல்லை.